முன்னாலிருந்து வந்த சீட்டு

வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கயே இருக்கட்டும். சவரிமுத்து சம்சாரம்தானே? வாசல்ல நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்த டாக்குமெண்டரிப் படத்துல, மூணாவது பாகத்துல நீங்க ஒரு நிமிஷம் வர்றீங்கல்ல, குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போறீங்க. அந்த நடையை வச்சுக் கண்டுபிடிச்சேன். பவுலின்னு பேரையும் கீழ போட்டாங்க. மேடம்னு எல்லாம் கூப்பிடாதீங்க. திருச்சி ஜில்லா பூரா என்னை மங்கை அக்கான்னுதான் கூப்பிடும். போன வருஷம் வரைக்கும் கூப்பிட்டுச்சு.

உக்காருங்க. நீங்க வாசல்ல வச்சே கேட்டுட்டீங்க, என் காதுல விழுந்துச்சு. “எங்க வீட்டுக்காரர் எழுதி அனுப்புன சீட்டு உங்க கைக்கு வந்துச்சா, இல்லையா?” அவ்வளவுதானே? சொல்றேன். வியாழக்கிழமை கோர்ட்டுல அவர் தரப்புச் சாட்சிக்குக் கடைசி வாய்தா, அதுவும் தெரியும். பேப்பர்ல பாத்தேன். சீட்டு அனுப்புனேன்னு அவர் சொல்றாரு, அதை யாரும் பாக்கலை, அதனால பத்தொன்பது சாவும் அவர் தலையில வந்து விடிஞ்சிருச்சு. சொல்றேன் பவுலின். வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல இந்த மோரைக் குடிங்க.

அந்தப் பாட்டுக் கச்சேரி நெரிசல் நடந்தது ஒரே ஒரு சாயங்காலம். அதுக்கு நாலு பாகம் எடுத்தாங்க பாருங்க. ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். பதினாறு பாஷையில கீழ எழுத்துப் போட்டு உலகம் பூரா ஓட்டுறாங்க. பிரேசில்ல இருந்து ஒருத்தி, மேடையில பேசுற அந்த அம்மா கட்டியிருக்கிற சேலை எந்த ஊர்ல கிடைக்கும்னு கேட்டு எழுதியிருக்கா. நானும் என்னமோ ஒரு நிமிஷம் பதில் எழுதலாமான்னு பாத்தேன். அப்புறம் அடுத்த வரியில ஒருத்தன் எழுதியிருந்தான், “இவளையும் உள்ள தள்ளணும்”னு. மூடி வச்சுட்டேன்.

என்னை எடுத்த கதையைக் கேளுங்க. ஒரு ஓட்டல் ரூம்ல ஆறு மணி நேரம் உக்கார வச்சாங்க. ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணியால மூடி, என் மூஞ்சியில ஒரு பாதிக்கு மட்டும் வெளிச்சம். “ஏம்மா, இந்தப் பக்கம் இருட்டா இருக்கே”ன்னு கேட்டேன். “அதுதான் மேடம் வேணும்”னு அந்த டைரக்டர் பொண்ணு சொல்லுச்சு. அப்பவே எழுந்து வந்திருக்கணும். பாதி மூஞ்சி இருட்டா இருந்தா எந்த உத்தமிக்கும் திருட்டு முழி வந்துரும். ஆறு மணி நேரம் பேசுனதுல நாலு நிமிஷம் எடுத்தாங்க. அதுவும் நான் பேசாம இருந்த இடமாப் பாத்து எடுத்து, அதுக்கு அடியில ஒத்தை வயலினைப் போட்டு இழுத்துட்டாங்க. நான் தண்ணி வேணும்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். பாக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?

குரல் நல்லா வந்திருந்துச்சு. அதைச் சொல்லித்தான் ஆகணும்.

அந்த மூணாவது பாகம். உங்க வீட்டுக்காரர் அன்னைக்குச் செக்யூரிட்டியா நின்ன ரெண்டாம் கேட் முன்னாடி நின்னுக்கிட்டு, பூட்டைத் தொட்டுக் காட்டி அழுறாரு. “எங்கிட்ட சாவி இல்லைங்க. சீட்டு எழுதி ஜனங்க கையில குடுத்து முன்னாடி அனுப்புனேன். மேடைக்குப் போயிருக்கும்.” டக்குன்னு வெட்டு. என் பாதி மூஞ்சி. “எனக்கு எதுவும் வரலைங்க.” அப்புறம் அந்த வயலின். முடிஞ்சுது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உங்க வீட்டுமேல கல்லு விழுந்துச்சுன்னு கேள்விப்பட்டு எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை. உண்மையாச் சொல்றேன்.

நான் அதைச் சொல்லலைன்னு சொல்லல. சொன்னேன். ஆனா எப்பச் சொன்னேன்? ஆறாவது மணி நேரத்துல. வயித்துல காலையில தின்ன ரெண்டு இட்லிதான், பசி. அந்தப் பொண்ணு கேட்டதையே பத்து விதமாக் கேக்குது. முன்னாடி எவ்வளவோ சொன்னேன், பின்னாடி எவ்வளவோ சொன்னேன், அதெல்லாம் எங்க போச்சு? அந்த ஒரு வரியை நறுக்கி எடுத்து உங்க வீட்டுக்காரர் அழுகைக்குப் பின்னால ஒட்டுனது நானா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. என்னையும் அவரையும் மோத விட்டுட்டு அவங்க பரிசு வாங்கப் போயிட்டாங்க.

உங்களுக்கு அந்த மைதானம் தெரியும். முக்கொம்பு போற வழியில வாழைத்தோப்பை அழிச்சுப் போட்ட இடம். மேல செம்மண்ணு கொட்டி ரோலர் ஓட்டிட்டாங்க, அடியில வாழைக்கட்டை அப்படியே கிடக்குது. காலை வச்சா ஒரு இடம் கல்லு, ஒரு இடம் சேறு. ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் வாய்க்கால். ரோட்டுப் பக்கம் முதல் கேட், வாய்க்கால் பக்கம் ரெண்டாம் கேட். டிக்கெட் இல்லாதவங்க வாய்க்காலைத் தாண்டி வர்றாங்கன்னு ரெண்டாம் கேட்டைப் பூட்டி, சாவியைக் கமிட்டி ஆளு குணசீலன் வாங்கி வச்சுக்கிட்டாரு. மேடைக்குப் பின்னாடி விருந்தாளிங்க பந்தல்ல உக்காந்து அவர் டீ குடிச்சுக்கிட்டு இருந்ததை நானே பாத்தேன். படத்துல அவர் வக்கீல் மட்டும்தான் வர்றாரு.

எனக்கு என்ன தெரியும், சொல்லுங்க? மேடையில நிக்கிறவளுக்கு எதிர்ல இருக்கிறது வெறும் இருட்டு. விளக்கு பூரா நம்ம கண்ணுல. முதல் ரெண்டு வரிசை மூஞ்சி தெரியும், அதுக்கு அந்தப் பக்கம் சத்தம்தான். சத்தத்தை வச்சுத்தான் கூட்டத்தைப் படிக்கணும். கத்துறாங்கன்னா சந்தோஷமா இருக்காங்க. கத்தலைன்னாத்தான் எங்களுக்குப் பயம். அன்னைக்குக் கத்துன மாதிரி என் சர்வீஸ்ல எந்தக் கூட்டமும் கத்துனதில்ல.

சீட்டு விஷயத்துக்கு வர்றேன். மேடையில நிகழ்ச்சியைத் தொகுத்துப் பேசுற எங்க தொழில்ல சீட்டுன்னா ரெண்டு வகை. மேடைக்குப் பின்னாடியிருந்து வர்றது ஒண்ணு. இன்னார் வந்திருக்காரு பொன்னாடை போத்தணும், இன்ன நம்பர் கார் வழியை மறிக்குது, பிள்ளையைக் காணோம், கடைக்காரங்க பேரை இன்னொரு தடவை வாசிங்க. அதை உடனே பிரிக்கணும், உடனே வாசிக்கணும், இல்லைன்னா அடுத்த புரோகிராமுக்குக் கூப்பிட மாட்டாங்க. முன்னாடி ஜனங்ககிட்ட இருந்து வர்றது இன்னொண்ணு. அது பூராவும் பாட்டுச் சீட்டு. இந்தப் பாட்டைப் பாடச் சொல்லுங்க, என் தங்கச்சிக்குப் பொறந்தநாள், எங்களுக்குக் கல்யாண நாள். அதைப் பிரிக்க ஆரம்பிச்சா விடிஞ்சிரும். சிரிச்சுக்கிட்டே வாங்கி, கையில இருக்கிற அட்டையில கிளிப்புக்கு அடியில செருகிக்கணும். இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான். கேபிள் டி.வி.யில சேந்த முதல் வருஷமே இதைக் கத்துக்கிட்டேன். பின்னாடியிருந்து வந்தா உத்தரவு, முன்னாடியிருந்து வந்தா ஆசை.

ஆனா தூக்கிப் போட மாட்டேன். வீட்டுக்குக் கொண்டாந்துருவேன். “அக்கா உங்க குரலுக்காகவே வந்தேன்”னு சில பேரு எழுதியிருப்பாங்க, அதைப் படிக்கிறதுல ஒரு அல்ப சந்தோஷம். எல்லாத்தையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில போட்டு வச்சிருப்பேன். அன்னைக்கு மட்டும் நாப்பத்து மூணு சீட்டு. மறுநாள் மத்தியானம் உக்காந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். நாப்பத்து ரெண்டுல பாட்டுதான் எழுதியிருந்துச்சு. ஒருத்தி அவ புருஷன் பேரையும் அவ பேரையும் சுத்தி மல்லிகைப்பூ வரைஞ்சு அனுப்பியிருந்தா. அந்தப் பேரு ரெண்டும் அன்னைக்குப் பேப்பர்ல—

என்ன அப்படிப் பாக்குறீங்க?

நாப்பத்து மூணுன்னா சொன்னேன்?

ஆமா. ஒண்ணுல பாட்டு இல்ல.

எழுந்திருக்காதீங்க பவுலின். உக்காருங்க. நான்தான் சொல்றேன்னேனே. நான் என்ன ஓடியா போறேன்? இவ்வளவு நாள் ஏன் சொல்லலைன்னு கேளுங்க, கேக்க வேண்டியதுதான். பத்தொன்பது பேர் படத்தையும் கட்டம் கட்டிப் போட்ட பேப்பர் தரையில விரிஞ்சு கிடக்குது, பக்கத்துல நான் சீட்டைப் பிரிச்சுக்கிட்டு இருக்கேன். படிச்சேன். மடிச்சேன். நாளைக்குப் போலீஸ்ல குடுத்துருவோம்னு நெனச்சேன். அந்த நாளை இன்னும் வரலை. அஞ்சு மாசம் கழிச்சு அந்த டைரக்டர் பொண்ணு கேட்டப்ப, பசின்னு சொன்னேன்ல, பசி எல்லாம் இல்ல. அவங்க பிரியாணி வாங்கிக் குடுத்தாங்க. பயம். மேடையில பேசிப் பேசியே பேரு வாங்குனவ, இந்த ஒண்ணைச் சொன்னா அதுக்கப்புறம் ஒரு வளைகாப்புக்குக்கூட என்னைக் கூப்பிட மாட்டாங்கன்னு பயம். இப்ப மட்டும் என்ன கூப்பிடுறாங்களா? போன மாசம் ஒரு ரிசப்ஷன்ல மைக்கை வாங்குனேன், முதல் வரிசையில ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எழுந்து போயிட்டா.

உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலை. நான்தான் சொன்னேன்.

இன்னொண்ணு சொல்றேன், இது அந்தப் படம் எடுத்தவங்களுக்கே தெரியாது. ரெண்டாவது பாகத்துல, இருபத்தாறாவது நிமிஷத்துல, உயரத்துல இருந்து கூட்டத்தைக் காட்டுவாங்க. எல்லாரும் கூட்டம் எவ்வளவு பெருசுன்னு பாப்பாங்க. நான் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். வாய்க்கால் பக்கத்துல இருந்து ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம் தலைக்கு மேல வருது. ஒரு கை வாங்கி முன்னாடி குடுக்குது, அந்தக் கை வாங்கி அடுத்த கைக்குக் குடுக்குது. படத்துல தெரியிறது பதினோரு கை. யாருக்கும் திரும்ப இடமில்ல, தூக்குன கையை இறக்கக்கூட இடமில்ல, கழுத்தை மட்டும் வளைச்சு வாங்குறாங்க. மூச்சு முட்டிக்கிட்டு நிக்கிற நேரத்துல அடுத்தவன் காகிதத்தை வாங்கி பத்திரமா முன்னாடி அனுப்புறாங்க பவுலின். ஒருத்தர்கூடப் பிரிச்சுப் பாக்கலை. கீழ போடவும் இல்ல.

நாலாவது பாகம் முடியிறப்ப செத்தவங்க படத்தை ஒவ்வொண்ணாக் காட்டுவாங்கல்ல. அந்தப் பதினோரு பேருல ஆறு பேரு அதுல இருக்காங்க. மஞ்சள் சுடிதார் போட்ட பொண்ணு, கண்ணாடி போட்ட வாத்தியார், அப்புறம் அந்த மல்லிகைப்பூ வரைஞ்சவ. நான் நூறு தடவை பாத்திருப்பேன். துணி காயப் போடுறப்ப, காய் நறுக்குறப்ப, கண்ணை மூடாமலே தெரியுது. அந்த ஆறு பேரும் வரிசையா நின்னு ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் வாங்கி எங்கிட்ட நீட்டுறாங்க. நான் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிறேன்.

இருங்க. எடுத்துட்டு வர்றேன்.

இந்தாங்க. டிக்கெட்டோட பின்பக்கத்துல எழுதியிருக்காரு. பென்சில், அதான் மங்கலா இருக்கு. உங்களுக்குக் கண்ணாடி வேணுமா? வேண்டாம்னா நான் சொல்றேன், எனக்குப் பாக்காமலே வரும். “அக்கா, பாட்டை நிறுத்துங்க. வாய்க்கால் பக்கம் ஜனங்க விழுறாங்க. ரெண்டாம் கேட் சாவி குணசீலன் சார்கிட்ட இருக்கு. அவரை மைக்ல கூப்பிடுங்க. சவரிமுத்து, செக்யூரிட்டி.”

அவர் கையெழுத்துதானே?

அழுங்க. பரவால்ல.

நான் ஒண்ணு யோசிச்சேன். இதை மைதானத்துல கிடைச்சுதுன்னு சொல்லிருங்களேன். யாரோ தபால்ல அனுப்புனாங்கன்னு சொன்னாலும் சரி. கையெழுத்து அவரோடது, அது போதாதா? என் பேரு எதுக்கு நடுவுல?

ம். போதாதுதான். ஒரு வருஷம் கழிச்சு எங்க இருந்து முளைச்சுதுன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பாரு. நேத்து உக்காந்து நீங்களே எழுதுனதுன்னு சொல்லிருவாங்க. மேடைக்கு வந்து சேந்துச்சுன்னு வாங்குனவதான் சொல்லணும். நீங்க வாயைத் திறக்கவே இல்ல, நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன், தொழில் புத்தி போகாது பாருங்க. சரி. வியாழக்கிழமை நான் வர்றேன். பத்து மணிக்கு அங்க இருப்பேன். நீங்க சீட்டை இப்பவே எடுத்துக்கிட்டுப் போயிருங்க, எங்கிட்ட இருந்தா புதன்கிழமை ராத்திரி என் புத்தி எப்படி வேலை செய்யும்னு எனக்குத் தெரியாது.

கொஞ்சம் இருங்க. போகாதீங்க. கூண்டுல ஏறி இதைக் காட்டுனா அடுத்த கேள்வி என்ன வரும்னு எனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு கேப்பாங்க. ஏழு பன்னிரண்டு. முதல் பாகத்துல அதுவும் இருக்கு. நான் குனிஞ்சு ஒரு காகிதத்தை வாங்கி, “பாட்டுச் சீட்டு போதும் கண்ணுங்களா, எல்லாப் பாட்டும் வரும்”னு சொல்றதை வேடிக்கைக்குன்னு வச்சிருக்காங்க. ஓரத்துல மணி ஓடுது. ஏழு இருபதுக்கு முன்னாடி யாரும் சாகலைன்னு நாலாவது பாகத்துல டாக்டர் சொல்றாரு. அப்ப அந்த எட்டு நிமிஷம் என்னம்மா பண்ணுனீங்கன்னு கேப்பாங்க. இதை நான் ஒரு ஜீவன்கிட்டயும் சொன்னதில்ல. முதல் தடவையா அங்க போய்ச் சொல்ல வந்தா எனக்குக் குரல் வராது. அதனால உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிறேன். நீங்க கேக்கணும்னு தலையெழுத்தா, ஆனா வேற யாருகிட்டச் சொல்வேன்?

உங்க வீட்டுக்காரர் சீட்டைக் கிளிப்புல செருகுன கையோட, பின்னாடியிருந்து குணசீலன் ஒரு சீட்டு அனுப்புனாரு. அதை உடனே பிரிச்சேன். “பெரிய பாடகர் வரப் பத்து நிமிஷம் ஆகும். கூட்டத்தைப் பிடிச்சு வைங்க.” பிடிச்சு வைக்கிறதுக்கு எங்ககிட்ட ஒரு வித்தை இருக்கு. கூட்டத்தை ரெண்டாப் பிரிச்சுப் போட்டி வச்சுருவோம். எந்த ஊர்லயும் பலிக்கும். “வாய்க்கால் பக்கம் பெருசா, ரோட்டுப் பக்கம் பெருசா, இன்னைக்குப் பாத்துருவோம்”னேன். எல்லாரும் போன்ல லைட்டைப் போட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க. நான் எண்ணுவேன். எந்தப் பக்கம் கை கடைசி வரைக்கும் இறங்காம நிக்குதோ, அந்தப் பக்கம் ஜெயிச்சுது.

அந்த வெளிச்சத்தைத்தான் படத்தோட போஸ்டர்ல போட்டிருக்காங்க. என் குரலை எடுத்துட்டு பாட்டைப் போட்டுட்டாங்க, அதனால பாக்கிறவங்களுக்கு அழகாத்தான் இருக்கும். எனக்கும் மேடையில இருந்து அந்த லைட்டு மட்டும்தான் தெரிஞ்சுது. எண்ணுனேன். பத்து வர்றதுக்குள்ள ரோட்டுப் பக்கம் ஒவ்வொண்ணா இறங்க ஆரம்பிச்சுது. இருபதுல எல்லாம் இறங்கிருச்சு. வாய்க்கால் பக்கம் ஒரு லைட்டுகூட இறங்கலை. “சரி, நீங்கதான் ஜெயிச்சீங்க, கையை இறக்கிக்கோங்க”ன்னேன். இறக்கலை. திருப்பியும் சொன்னேன். இறக்கலை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு கூட்டத்தை நான் பாத்ததில்லைன்னு மைக்லயே சொன்னேன். அப்புறம் ரோட்டுப் பக்கம் திரும்பி, தோத்தவங்க பெருந்தன்மையா இருக்கணும், வாய்க்கால் பக்கத்துக்கு ஒரு கைதட்டு குடுங்கன்னு கேட்டேன்.

குடுத்தாங்க பவுலின். ரொம்ப நேரம் தட்டுனாங்க.